கட்டிலருகே ஒரு கதிரை

அன்புள்ள அம்மாவுக்கு,

மட்டக்களப்பு வெயிலில் கறுத்துப் போனாலும் சுகமாக இருக்கிறேன். பல்லேபொலயில் மழை விட்டதா? கிளினிக்கில் பிரஷர் பார்த்தார்களா?

நோயாளிகளிடம் பரிவாக நடக்கும் மாணவர்களுக்கென்று உள்ள கௌரவச் சங்கத்துக்கு எங்கள் மருத்துவ பீடத்திலும் ஒரு கிளை தொடங்கிவிட்டோம். நான்தான் செயலாளர்! நோயாளியிடம் நின்றுகொண்டு பேசக்கூடாது, கட்டிலருகே கதிரை போட்டு உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்பது முதல் விதி. முதல் நாள் வார்டில் நான் உட்கார்ந்ததுமே ஒரு வயதான அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

"உள்ளதச் சொல்லுங்க மகள், எனக்குப் பெரிய வருத்தமா?"

கெட்ட செய்தி சொல்வதென்றால் மட்டும்தான் அங்கே டொக்டர்மார் உட்காருவார்களாம்!

"ஒன்னுமில்லம்மா, சும்மா கதைக்கத்தான் வந்தேன்" என்றேன். அவர் நம்பவேயில்லை. அழுகை அடங்கிய பிறகு என் கையை விடாமல் உங்களைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் வீட்டு மிளகு கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். உங்கள் பழைய சேலை ஒன்றும் வேண்டும், போர்த்திக்கொள்ள. துவைக்க வேண்டாம்.

வார்டுக்கு நேரமாகிவிட்டது. நேற்று ஃபோனில் நீங்களும் "ஒன்னுமில்ல பாப்பா, சும்மாதான் எடுத்தேன்" என்றீர்கள். நானும் நம்பவில்லை.

உள்ளதச் சொல்லுங்கம்மா.

உங்கள்
சுகந்தினி