சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்

அன்பு மாப்பிள்ளை,

போன இடத்திலாவது சும்மா இருக்கிறீர்களா? அங்கேயும் யாரையாவது மறித்து, "இது எந்தச் சட்டத்துல இருக்குதுங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இங்கே ஒரு சங்கதி நடந்தது. நம் தொழிலுக்கே வந்து என் வாடிக்கைக்காரர்களை எல்லாம் இழுத்துக்கொண்டானே, அந்தப் போர்வெல் முருகேசன்! கிணற்றுத் துளை போடும் அவன் ரிக் லாரி வடக்கே வேலைக்குக் கிளம்பத் திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில் நின்றது. தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. அப்போது பார்த்து ஓர் அதிகாரி வந்து சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார். கையில் காகிதம் எதுவும் இல்லை. மேலிடத்து உத்தரவாம். ரிவர்ஸ் எடுத்து ஷெட்டுக்கே போவதானால் பூட்டைக் கழற்றுவாராம். பழம் வைத்த வண்டியைப் பின்னால் எடுக்க நம் ஊரில் எவன் சம்மதிப்பான்? லாரி அங்கேயே நின்றது, பழம் வெயிலில் வதங்கிப்போனது.

எனக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் உங்கள் பேச்சு வந்து காதில் உட்கார்ந்துகொண்டது. "கவர்மெண்டுக்கும் ஒரு வேலி இருக்கோணுங்க மச்சான். புடிக்காதவனுக்கும் செல்லுபடியானாத்தான் அது சட்டம்." செத்த பிறகும் என்னை ஒருவன் மேல் நிம்மதியாகக் கோபப்பட விடமாட்டீர்களா?

போய்க் கேட்டேன். "எழுதின உத்தரவைக் காட்டுங்க ஐயா. அது இல்லாம பூட்டறதுக்கு உங்களுக்கு அதிகாரம் இல்லீங்க." கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர் தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்தார். சாயங்காலத்துக்குள் சங்கிலி கழன்றது, லாரி பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது.

முருகேசன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னான் தெரியுமா? "உங்க மாப்பிள்ளையே வந்து கேட்டாப்பல இருந்துச்சுங்க."

வயிறு எரிந்தது மாப்பிள்ளை. அதிகாரி முன்னால் போய் நின்றவன் நான், பேர் உங்களுக்கா? அந்தக் காலத்திலும் இப்படித்தான். நம் ரிக் உரிமையாளர் சங்கக் கூட்டத்தில் நான் பேசினால் ஆளுக்கு ஆள் டீக்குப் போவார்கள், நீங்கள் எழுந்தால் போனவர்களும் திரும்பி வருவார்கள். அப்படி என்னதான் வைத்திருந்தீர்கள் அந்தக் குரலில்?

வீட்டுக்குப் போனால் உங்கள் மனைவி, என் கூடப்பிறந்த தங்கச்சி, அவளும் அதையே சொல்கிறாள். "அண்ணா, அவரு கேக்கறாப்பலயே கேட்டீங்களாமா?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

'கேட்டது நானாக்கும்' என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

இனி எவன் வண்டியில் இப்படிச் சங்கிலி விழுந்தாலும், அவன் முகத்திலேயே விழிக்கப் பிடிக்காவிட்டாலும், போய்க் கேட்பேன். பேரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றெரிச்சல் இன்னும் அடங்காத
உங்கள் மச்சான்