உன் அம்மாவின் வலப்பக்கம்

அன்பு மகள் லெஸ்யாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயல் டான்கோவும் ஹாலிஃபாக்ஸில் நல்ல சுகத்தோடு இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நான் சுகம். உன் அம்மாவும் சுகம், இடது காதைத் தவிர. அப்பா போனை விட்டுவிட்டுக் காகிதத்தை எடுத்துவிட்டாரே என்று பார்க்காதே. போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள், அவளை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயமா இது? எனக்கு வயிறு எரிகிறதம்மா. எல்லாம் எதிர்வீட்டு ஜெனோனால்தான்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். கோதுமை அறுப்பு பாதி முடிந்துவிட்டது, மீதிக்கு வெயில் வேண்டும். தோட்டத்தில் பீட்ரூட் ஏராளம், தினமும் பீட்ரூட் சூப்தான். ஏப்ரலில் உன் அம்மாவுக்கு உடம்புக்கு வந்ததை உன்னிடம் பாதிதான் சொன்னோம், நீ விமானம் ஏறி ஓடி வந்துவிடுவாய் என்று பயம். காதுக்குள் கொப்புளம், முகம் ஒரு பக்கம் கோணிப்போய், எழுந்து நின்றால் தலை சுற்றி சுவரைப் பிடித்துக்கொள்வாள். காதில் அக்கி என்றார் டாக்டர். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமியேதானாம், இத்தனை வருஷம் நரம்புக்குள் தூங்கிவிட்டு இப்போது எழுந்து வந்திருக்கிறது. முகம் நேராகிவிட்டது, தலைச்சுற்றல் நின்றது, இடது காது மட்டும் திரும்பி வரவில்லை. இனி வராது என்றும் சொல்லிவிட்டார். அதற்கு முன்பே அக்கித் தடுப்பூசிக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து நேரம் வாங்கி வைத்தவளே அவள்தான். ஆனால் அது ஈஸ்டருக்காகக் கோயில் கூடத்தில் வரெனிகிக் கொழுக்கட்டை செய்கிற வாரம், கை வலித்தால் மாவு யார் தேய்ப்பது என்று, "நீ போய்ப் போட்டுக்கோ, நீ சும்மாதானே கெடக்குறே" என்று என்னை மட்டும் விரட்டிவிட்டாள். சும்மா கிடந்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, மாவு தேய்த்தவளுக்குக் காது போயிற்று.

இப்போது ஜெனோனுக்கு வருகிறேன். பெண்டாட்டி போன மறுவருஷமே மீசைக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டவன், நீ பார்த்திருக்கிறாய். அவனுக்குச் சின்னப் பையனாக இருக்கும்போது பொன்னுக்குவீங்கி வந்து வலது காது போய்விட்டது, அந்தக் காலத்தில் அதற்கு ஊசி ஏது. உன் அம்மாவுக்குப் போனது இடது. கோயிலில் நான் எப்போதும் நடைபாதை ஓரமாக அவளுக்கு இடப்பக்கம் உட்காருகிறவன், உனக்குத் தெரியும். இந்த மகராசன் வந்து அவள் வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டான். அவனுடைய நல்ல காது அவள் பக்கம், அவளுடைய நல்ல காது அவன் பக்கம். பாதிரியார் பிரசங்கம் செய்யச் செய்ய இரண்டும் குசுகுசுவென்று பேசிச் சிரிக்கின்றன. வெளியே வந்ததும் ஊர் கேட்க, "பாத்தியா ஓரெஸ்ட், உன் பொண்டாட்டியும் நானும் சேந்தா முழுசா ஒரு ஆளு!" என்கிறான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

வியாழக்கிழமை சீட்டாட்டத்திலும் இதே கதை. நாங்கள் ஆடும் கைசர் ஆட்டத்தில் கூட்டாளிகள் எதிரெதிரே உட்கார வேண்டும், கல்யாணமான நாளிலிருந்து நான்தான் அவளுக்கு எதிரே. அந்தச் சத்தத்தில் நான் ஏலம் கேட்பது அவள் காதில் விழுவதில்லை, கப்பல் கவிழ்ந்த மாதிரி தோற்கிறோம். வலப்பக்கம் உட்கார்ந்து ஜெனோன் முணுமுணுப்பது மட்டும் ஒன்றுவிடாமல் விழுகிறது. டாக்டர் ஒரு காது இருக்கிறது என்றார், அந்த ஒரு காது அவனுக்கென்று ஆகிவிட்டதா என்று எனக்குப் பொருமல். வண்டியில் திரும்பி வரும்போது, "அவன் சொன்னா அந்தச் சிரிப்பு சிரிக்கிறே, நான் பேசினா மட்டும் வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ஆமாம், மழை வந்தால் நல்லது என்றாள். இன்னொரு நாள் அதே ரோட்டில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், "ஸ்டெஃப்கா, என்னோட இருக்கிறது உனக்கு அலுத்துப்போச்சா?" அவள் தலையை ஆட்டினாள் லெஸ்யா. ஆமாம் என்று ஆட்டினாள். அந்த வாரம் முழுக்க சாப்பாடு இறங்கவில்லை, சூப்பில் உப்பில்லை என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன், அவள் முகமும் வாடித்தான் கிடந்தது.

போன செவ்வாய்க்கிழமை யார்க்டன் டவுனில் கண் டாக்டர் என் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது என்றுவிட்டார். என் ட்ரக்கின் ஸ்டியரிங்கை உன் அம்மா தொட நான் விட்டதே இல்லை, லைசென்ஸ் மட்டும் கைப்பையில் கிடக்கும். வேறு வழியில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டு அவளுக்கு வலப்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். கண் கூசுகிறது, மனதில் அந்த மீசை. இவளுக்குத்தான் நான் பேசுவது எதுவும் விழாதே என்று வாய்க்குள்ளேயே, "சாயம் பூசின கெழட்டு எருமை, அடுத்தவன் பொண்டாட்டி கேக்குதா உனக்கு" என்று முனகினேன்.

"யாரு எருமை?" என்றாள் உன் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் வண்டியை ஓரம் கட்டிவிட்டாள். இனி மறைத்து என்ன, எல்லாவற்றையும் கொட்டினேன், தலையாட்டியதையும் சொன்னேன். "அட மடையா, ஸ்டியரிங் இருக்கிறது இடப்பக்கம், நீ ஓட்டினா என் செத்த காதுப் பக்கமில்ல உக்காந்திருக்கே! வாய் அசையுறது தெரியும், தலையை ஆட்டி வைப்பேன். என்ன சொன்னேன்னு திருப்பிக் கேட்டா நீ கத்துறே, நீ கத்துறதுக்கு ஆமான்னு சொல்லிடுறது மேல்" என்றாள். இதை முன்னாலேயே சொல்லக் கூடாதா என்றேன். "சொன்னா ஸ்டியரிங்க விட்டுருப்பியா?" என்றாள். பிறகு, "அலுத்திருந்தா உன்ன மட்டும் ஊசிக்கு அனுப்பியிருப்பேனா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் கண்ணில் நீர், நான் சொட்டு மருந்து என்று சொல்லிவிட்டேன்.

இப்போதெல்லாம் அவள்தான் ஓட்டுகிறாள். ஓரெஸ்ட் பெண்டாட்டியை டிரைவராக்கிவிட்டான் என்று பேசுகிறார்கள், பேசட்டும். கோயிலில் நடைபாதை ஓரத்தை ஜெனோனுக்கே தானம் கொடுத்துவிட்டேன். இடப்பக்கம் உட்கார்ந்து அவன் எத்தனை ஜோக் வேண்டுமானாலும் சொல்லட்டும், அவள் தலையை ஆட்டுவாள்.

டான்கோவுக்குச் சளி என்று தட்டம்மை, பொன்னுக்குவீங்கி ஊசியைத் தள்ளி வைத்திருப்பதாகச் சொன்னாயே, அந்தச் சளி போயிருக்கும். அந்த இரண்டு நோயும் சில பிள்ளைகளுக்குக் காதைக் கெடுத்துவிட்டுத்தான் போகும், சாட்சிக்கு எதிர்வீட்டிலேயே ஒருத்தன் இருக்கிறான். இந்த வாரமே டாக்டரிடம் கேட்டுக் கூட்டிக்கொண்டு போ. பயல் ஒற்றைக் காதோடு வளர்ந்து எவள் வலப்பக்கத்திலாவது போய் உட்கார்ந்தால், அவள் புருஷன் பாவம். மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல், குளிருக்கு முன்னால் டயரை மாற்றச் சொல்.

அக்கி ஒருமுறை வந்தவர்களும் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாமாம், டாக்டர் இப்போது போடலாம் என்றுவிட்டார். இன்றைக்கு உன் அம்மாவை அதற்குத்தான் யார்க்டனுக்கு அழைத்துப் போகிறேன், அதாவது அவள் என்னை அழைத்துப் போகிறாள். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், நிறைந்த வீடாக வாழ வேண்டும், கடவுள் துணை இருப்பார். ஊசியை மறக்காதே. வெளியே உன் அம்மா ஹாரன் அடிக்கிறாள். ஜெனோனும் கடைக்குப் போக வேண்டுமாம், வண்டியில் இடம் கேட்டிருந்தான், இதோ தெருவைத் தாண்டி வேகமாக வருகிறான். அவன் முன் சீட்டுக் கதவைத் தொடுவதற்குள் நான் ஓட வேண்டும்.

உன் அன்பு அப்பா,
ஓரெஸ்ட்