கார்பன் தூண்டில்

ஞாயிற்றுக்கிழமை.

குளத்துக் கெண்டை பிடிக்க லேசான தூண்டில் கம்பு ஒன்று வேண்டியிருந்தது. கண்ணாடி இழைக் கம்பு கையில் கனத்தது. "இத எடுங்க அண்ணாச்சி, கார்பன். எடையே தெரியாது, விலையும் கம்மிதான்," என்றார் கடைக்காரர். அதையே வாங்கினேன்.

இன்று முத்தையாபுரம் தாண்டி ஒரு குளக்கரையில் நின்றேன். மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நூலைப் பின்னால் சுழற்றி வீசக் கம்பை உயர்த்தினேன். ஆடு மேய்த்த அம்மா ஒருத்தி அலறினாள்: "ஏலே, மேல பாருலே! கரண்டு கம்பி!"

கம்பின் நுனிக்கும் மின்கம்பிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. கம்பை மெல்லக் கீழே இறக்கினேன். துறைமுகத்தில் எலக்ட்ரீஷியன் நான். கார்பனில் மின்சாரம் பாயும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் மீன் மட்டும்தான் நினைவில் இருந்தது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மகள் பக்கத்தில் தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று மறுபடியும் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.