டேப் சுற்றாத குழாய்

பெரியவன் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? நேற்றும் இங்கே தரைக்குள் போகும் கேஸ் குழாய்களுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க டேப் சுற்றினேன். "பெரியவரே, கைக்குழந்தைக்குக்கூட இவ்வளவு துணி சுத்த மாட்டாங்க" என்று மேஸ்திரி கிண்டல் செய்தார். நானும் சிரித்துவைத்தேன்.

பெரியவன் அனுப்பிய நம் சமையலறைப் படத்தைப் பார்த்தேன். வெறும் இரும்புக் குழாயின் மேலேயே கான்கிரீட் கொட்டியிருக்கிறான். கேட்டால், "சிமெண்டே காப்புதானேப்பா, நீங்க வேற" என்றான். ஈரம் இறங்கினால் துரு குழாயைத் தின்றுவிடும். நான் கொடுத்தனுப்பிய டேப்பை அவன் பிரிக்கவே இல்லை.

தரையை உடைத்து அந்தக் குழாயை எடுக்கும்வரை அவனோடு பேச மாட்டேன். வீட்டில் இருப்பது அவன் போன் ஒன்றுதான் என்று தெரியும். அதிலிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் நீயாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எடுப்பதில்லை.

அதுவரை அந்தக் குழாயின் வால்வைத் திறக்காதே. பழைய சிலிண்டரிலேயே சமை. முகம் தெரியாதவர்கள் நின்று சமைக்கும் தரைக்கடியிலெல்லாம் பார்த்துப் பார்த்து டேப் சுற்றுகிறேன். நீ நிற்கும் தரையில் அது இல்லை.

பதில் போடு. அவனை எழுதச் சொல்லாதே. கோணல்மாணலாக இருந்தாலும் உன் கையாலேயே எழுது. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

பெரியவன் அப்பா