ஆறே முக்கால் கஞ்சி

ஜூன் 3

பதினான்கு வருடமாக இந்த முதியோர் இல்லத்தின் சமையலறையில் வெந்துகொண்டிருக்கிறேன். இன்று மேலாளர் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். முதல் மாடியில் பதினோரு பேருக்கு ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறதாம். மாத்திரை தவறாமல் கொடுக்கிறார்களாம். அப்படியென்றால் சமையலில்தான் உப்பு கூடியிருக்க வேண்டும் என்று தலைமை சிஸ்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"போடாத உப்புக்கு நான் எதுக்கு சார் கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கோபத்தில் வெங்காயத்தோடு விரலையும் நறுக்கிக்கொண்டேன்.

ஜூன் 4

உப்பு டப்பாவை சிஸ்டர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். வேண்டும்போது போய்க் கேட்க வேண்டுமாம். நான் என்ன திருடியா?

ஜூன் 6

சிஸ்டர் ஸ்பூனும் கையுமாக வந்தார். ஒவ்வொரு பாத்திரமாக ருசி பார்த்துவிட்டு, "இன்னிக்கு சரியா இருக்கு" என்றார். இன்னிக்கு! அப்போ நேத்து? போன வருஷம்? அந்த ஒரு சொல்லை நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் மாடியில் பரிமாறும்போது, அந்தப் பதினோரு பேரில் ஒருவரான நாலாம் கட்டில் தபால்காரர்தான் கேட்டுவிட்டார். ஓய்வு பெற்று வந்தவர், என் கஞ்சியைத் திட்டாமல் ஒரு நாளும் குடித்ததில்லை. "இந்தம்மா கஞ்சியில உப்பைத் தேடி நான் ரெண்டு வருஷமா அலையறேன் சிஸ்டர். உங்களுக்குக் கிடைச்சா எனக்கும் சொல்லுங்க." மாடியே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை.

ஜூன் 9

டாக்டர் வந்தார். பதினோரு பேருக்கும் மாத்திரையை இரட்டிப்பாக்கிவிட்டார். போகும்போது, "சாப்பாட்டையும் கொஞ்சம் கவனிங்க" என்று மேலாளரிடம் சொன்னார். கண் என் மேல்தான் இருந்தது. நான் கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்திருந்தால் வேலை போயிருக்கும்.

ஜூன் 12

காலையில் தலை சுற்றியது. சிஸ்டரே பிரஷர் அளந்து பார்த்தார். நூற்றெழுபது. "உங்க சமையலையே நீங்க சாப்பிடறீங்களாக்கும்" என்றார்.

இதைச் சாகும்வரை மறக்கமாட்டேன்.

டாக்டர் எனக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதல் மாடிக்காரர்கள் போடுகிற அதே மாத்திரை.

ஜூன் 13

மருந்துக்கடையில் ஒரு சின்னப் பெண். "காலைச் சாப்பாட்டோட போட்டுக்கறேன்மா" என்று பையில் வைக்கப் போனேன்.

"வேணாம் ஆன்ட்டி. இதை வெறும் வயித்துல போடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சு சாப்பிடுங்க. சாப்பாட்டோட போனா மருந்து ரத்தத்துல சேர்றது குறைஞ்சுடும்."

"எல்லா பிரஷர் மாத்திரையும் அப்படியா?"

"இல்ல. சிலதை சாப்பாட்டோடதான் போடணும். ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி. கேட்டுட்டுத்தான் போடணும்."

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டேன். முதல் மாடியில் மாத்திரை ஆறரைக்கு. கஞ்சி எட்டு மணிக்கு — ஏப்ரல் வரைக்கும். அதை ஆறே முக்காலுக்கு மாற்றியது யார்? நான்தான். யாரும் சொல்லவில்லை. விடியுமுன் எழுந்து பசியோடு உட்கார்ந்திருக்கிறார்களே, பாவம் என்று நானாகத்தான் மாற்றினேன். எல்லோரும் புகழ்ந்தார்கள். காலை வேலை சீக்கிரம் முடிந்தால் மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்பதும் மனதில் இருந்தது. இல்லையென்று இங்கேயும் பொய் எழுத வேண்டுமா?

உப்பு இல்லை. ஆனால் நான்தான்.

ஜூன் 14

சிஸ்டரிடம் சொன்னேன். சொல்லால் ஒரு குத்து குத்துவார் என்று தயாராக நின்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"தினமும் என் மாத்திரைத் தட்டும் உங்க கஞ்சி வண்டியும் ஒண்ணாத்தான் போகுது. நானும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, "நாளையிலேர்ந்து எட்டு மணிக்கே குடுங்கக்கா. வேற யார்கிட்டயும் சொல்ல வேணாம். உங்க பேரும் கெடாது, என் பேரும் கெடாது" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். பத்து நாளாக என்னைத் திருடியாக நிறுத்தியவரோடு கூட்டுச் சேர எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தூ.

ஜூன் 17

தபால்காரர் விழுந்துவிட்டார். ஏழரை மணிக்குக் குளியலறைக்குப் போக எழுந்தாராம், கண் இருட்டி அப்படியே சரிந்திருக்கிறார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. அழுத்தம் தொண்ணூறு.

எட்டு மணிக் கஞ்சிக்கு இன்று மூன்றாம் நாள். மருந்து ஒழுங்காகச் சேர ஆரம்பித்துவிட்டது. ஆனால் டாக்டர் இரட்டிப்பாக்கியது இரட்டிப்பாகவே இருக்கிறது. இது ஏன் எனக்குத் தோணல? எனக்கு வேணாம், படிச்ச சிஸ்டருக்கு ஏன் தோணல? பேரு, பேருன்னு ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு — இன்னும் பத்து பேரு விழணுமா?

மேலாளர் அறைக்குப் போய் நானே போனை எடுத்தேன். "உப்பு இல்ல டாக்டர். கஞ்சி நேரம். மாத்தினது நான். இப்ப திரும்ப எட்டு மணிக்கு ஆக்கிட்டோம். உடனே மாத்திரையைக் குறைங்க." மேலாளர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார். "எனக்கும் மூணு நாளா தெரியும் டாக்டர்" என்றார்.

ஜூன் 18

டாக்டர் விடிந்ததும் வந்தார். பதினோரு பேருக்கும் பழைய அளவையே எழுதினார். "முதல்லயே சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

மேலாளர் உப்புக் காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறு ஒன்று நீட்டினார். அனுமதியில்லாமல் நேரம் மாற்றியது, மூன்று நாள் மறைத்தது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். சிஸ்டருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 21

தபால்காரர் மாவுக்கட்டோடு வந்துவிட்டார். யாரோ சொல்லித் தெரிய வேண்டாம் என்று நானே போய்ச் சொன்னேன். "அப்ப நான் உனக்காகப் பேசினது தப்பாப் போச்சு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஜூன் 22, 23, 24

தபால்காரர் கஞ்சியைத் திட்டக்கூட இல்லை.

ஜூலை 5

பதினோரு பேருக்கும் ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. எனக்கு நூற்று நாற்பது.

காலையில் மேலாளர் சமையலறைக்கு வந்தார். முதியவர்களின் பிள்ளைகள் யாரோ குறை சொன்னார்களாம். "எட்டு மணி வரைக்கும் பசியோட உக்கார வைக்கிறது பாவம்தானேம்மா? ஏழு மணிக்கே குடுத்துடலாமே. சின்ன விஷயம்."

"டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க சார்."

"கஞ்சிக்கா?"

"கஞ்சிக்குத்தான்."

முணுமுணுத்துக்கொண்டே போனார். கஞ்சி கொதித்துவிட்டது. மாடியிலிருந்து யாரோ தட்டைத் தட்டினார்கள். மணி ஏழு இருபது. அடுப்பைக் குறைத்துவிட்டு நின்றேன்.