மாடியில் காய்ந்த பிரஷ்கள்

என்னங்க,

சோறு ஹாட் பாக்ஸில் இருக்கிறது, வத்தக்குழம்பு அடுப்பு மேல். வயலிலிருந்து வந்ததும் மாடியில் நெல்லைக் கிளறிவிடுங்கள்.

நான் திருத்துறைப்பூண்டிக்குக் கிளம்பிவிட்டேன். கல்யாணப் பெண்ணுக்கு நகத்தில் ஜெல் பாலிஷ். நான் தனியாகப் போடப்போகும் முதல் கை.

"ஊரான் வூட்டுப் பொண்ணுக்கு நகத்தத் தேச்சுவிடற வேலை நமக்கு எதுக்கு?" என்று நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான், நேற்று சாயங்காலம் என் பிரஷ் எல்லாம் பெட்டியில் ஈர்க்குச்சி மாதிரி விறைத்துக் கிடந்ததைப் பார்த்ததும், வேண்டுமென்றே செய்தீர்கள் என்று கத்தினேன். காலையில் காப்பிகூடக் குடிக்காமல் வயலுக்குப் போய்விட்டீர்கள்.

இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்த அனுசுயா அக்காவிடம் பிரஷ் இரவல் கேட்டிருக்கிறேன். போவது போவதுதான்.

இன்னொன்று. பையை எடுத்த பிறகு, துணி எடுக்க மாடிக்குப் போனேன். நெல்லுக்குப் பக்கத்தில் உங்கள் புதுத் துண்டு விரித்திருக்கிறது. பறக்காமல் மூலைக்கு மூலை கல். நடுவில் ரோஸ் கலரில் பிரஷ் பிரஷாகத் தடம். கழுவிக் காயவைத்தீர்களா? அதை வாயைத் திறந்து சொன்னால் என்ன? ஜெல் நெல் இல்லைங்க. வெயில் பட்டால் கல்லாக இறுகிவிடும்.

நகம் தேய்க்கிற வேலை என்று சொன்னதற்குக் கோபம் அப்படியேதான் இருக்கிறது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்து வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.

துண்டில் பட்ட கறை சோப்புக்குப் போகாது. தேய்க்காதீர்கள். அடுத்த தடவை என் பிரஷைக் கழுவுவதாக இருந்தால், என்னைக் கேட்டுக் கழுவுங்கள்.

ஈஸ்வரி