கண் கட்டிக் கிடந்தபோது வந்த சிறகிகள்

கருவேலங்குளம்
24.11.76

அன்பு மகள் பவுனுவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் பிலாய்க் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க அய்யனாரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே என் கண்ணும் உன் அம்மாவின் மூட்டுவலியும் தேவலை, மனசுதான் சரியில்லை. எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே, புதுக் கண்ணாடியில் கோடு போட்ட தாளே வளைந்து தெரிகிறது. யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாம், ஆனால் இதை நான் வேறொருவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

கண்மாய்க்குப் பட்சிகள் வந்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். மழை குறைவில்லை, கண்மாய் நிறைந்து கிடக்கிறது. ஆறுமணிக்குருவி வந்து வாழைக்கடியில் சருகைக் கிளறுகிறது, சாயங்காலமானால் சொல்லிவைத்த மாதிரி கூவுகிறது. வரப்பெல்லாம் வாலாட்டிக் குருவிகள். காலையில் மலை மேல் இறங்கிய மேகம் வெயில் ஏறும்வரை விலகுவதில்லை. எல்லாம் கார்த்திகைக்கு வருகிறபடி வந்திருக்கிறது, சிறகிகள் வந்ததைத்தான் என்னிடம் மறைத்துவிட்டார்கள். நம் ஊர் வழக்கத்தை மாப்பிள்ளைக்கும் சொல். சிறகி என்கிற காட்டு வாத்துக் கூட்டம் தண்ணீரில் இறங்கியதை நம் வீடும் உன் மாமன் அம்மாவாசி வீடும் பார்த்து, இரண்டு பேரும் சேர்ந்துபோய்க் கோயிலில் சொன்னால்தான் பூசாரி மடைக்கல்லில் மஞ்சள் துணி கட்டிக் காப்புப் போடுவார். காப்பு விழுந்தால் பங்குனி வரைக்கும் வலை கிடையாது, துப்பாக்கி கிடையாது, வெடிகூடக் கிடையாது. மற்றவர்கள் எத்தனை பேர் பார்த்தாலும் அது செல்லாது.

ஐப்பசி பிறந்ததும் மதுரையில் வலது கண்ணை ஆபரேஷன் செய்துகொண்டு வந்தேனல்லவா, அங்கே ஒரு கண்ணைத் தொட்டாலும் இரண்டையும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். கட்டோடு வந்து நம் வீட்டு உள் அறையில் கிடந்தேன். தினமும் பொழுது சாய உன் மாமன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுப்பான். கண்மாயில் என்ன இருக்கிறது என்று கேட்பேன், கொக்கும் நீர்க்காகமுந்தான் கெடக்கு மச்சான், சிறகி ஒண்ணக்கூடக் காணலை என்பான். ஒரு நாள் ஓட்டுக்கு மேலே கூட்டமாகச் சீழ்க்கைச் சத்தம் போனது என் காதிலேயே விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா, துள்ளி எழுந்துவிட்டேன். அவன் தோளைப் பிடித்து அழுத்தி, மாடு பத்துற பயலுக விசிலடிக்கிறானுக மச்சான், பேசாமப் படுங்க என்றான். உன் அம்மாவைக் கேட்டேன், எனக்கு ஒண்ணும் கேக்கலையே என்றாள். கண்ணைக் கட்டினால் காதும் மந்தமாகிவிடும் போலிருக்கிறது என்று என்னை நானே கேலி செய்துகொண்டு படுத்தேன். என் காதைவிட அவர்கள் வாயை நம்பினேன் பவுனு.

கண்ணாடி வந்த மறுநாள் கம்பை ஊன்றிக்கொண்டு கரைக்குப் போனேன். கோரைப் பக்கம் மூங்கில் நட்டு வலை கட்டியிருந்தது. கரைச் சரிவெல்லாம் இறகு. தண்ணீரே தெரியாமல் சிறகி மிதக்கிற இடத்தில் ஒரு சிறு கூட்டம் நடுவில் ஒண்டிக்கொண்டு கிடந்தது. மடை பார்க்கும் சுருளியாண்டி ஓடிவந்து, நீங்க கண்ணால பாத்த பொறவுதான் காப்புன்னு சொல்லிவிட்டீகளாமே அண்ணே, ஊரே ஒங்களுக்காகப் பொறுத்துக்கிட்டு இருக்கு என்றார். நான் எப்போது சொன்னேன்? என் பெயரைச் சொல்லியே உன் மாமன் ஊர் வாயைக் கட்டியிருக்கிறான். நேரே அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவன் மகள் சங்கிலியைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சிறகிக் கறி என்றால் உயிராம், ஒரு விருந்துக்கென்று போட்ட வலையை அடுத்தடுத்து வந்த விருந்தில் எடுக்க முடியவில்லையாம். அதோடு நிற்காமல், காப்புக் கட்டாத கம்மாயில பிடிச்சதுல என்ன குத்தம் மச்சான் என்று நிமிர்ந்து கேட்கிறான்.

உன் அம்மாவுக்கு முதலிலிருந்தே தெரியும். தம்பி மகள் கலியாணம் தட்டிப் போய்விடக் கூடாது என்று வாயை மூடியிருந்தாளாம். சொல்லியிருந்தா கட்டோட கரைக்கு ஓடியிருப்பீக, கண்ணு போயிருக்கும் என்றும் சொல்கிறாள். அதுவும் உண்மைதான் என்பதால் முழுசாகக் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. ஆனால் ஒன்று ஆறவே மாட்டேன் என்கிறது. உடம்பு தேறட்டும் என்று மாமன் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் நாட்டுக்கோழிக் குழம்பு என்று சொல்லி வரும், உன் அம்மாதான் பிசைந்து கொடுப்பாள். ருசியாயிருக்கிறதென்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தலைமுறையாக நம் வீட்டில் அந்தச் சிறகிக் கறியை வாயில் வைத்ததில்லை, ருசி தெரிந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

அன்று சாயங்காலமே அவனோடு கோயிலுக்குப் போனேன். ஊர்க்கூட்டத்தில் சொல்லியிருந்தால் அவனைத் தள்ளி வைத்திருப்பார்கள், ஆனால் அவன் வீட்டுக்குப் பதிலாகச் சாட்சி சொல்ல வேறொரு வீட்டைப் பேசி முடிப்பதற்குள் மிச்சக் கூட்டமும் வலையில் போயிருக்கும். பாத்தீகளா என்று பூசாரி கேட்டார், பாத்தோம் என்று அவன் சொன்னான், நானும் சொன்னேன். மஞ்சள் துணி கட்டியாயிற்று. அதற்குப் பிறகு அவன் முகத்தில் விழிக்கவில்லை.

தையில் சங்கிலிக்குக் கலியாணம். அந்தப் பிள்ளை ஒரு பாவமும் அறியாதவள், நல்ல சேலையாகப் பார்த்து அனுப்பு. நான் பேசவில்லை என்பதற்காக நீ மாமனுக்குக் கடிதம் போடாமல் இருந்துவிடாதே. பேத்திக்குக் காதை மூடிக் குல்லா போடு.

மாசியில் இடது கண்ணையும் செய்துவிடலாம் என்கிறார் டாக்டர். உன் அம்மா நாள் குறிக்கச் சொல்கிறாள், நான்தான் தள்ளிப் போடுகிறேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டாலும் நீ பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து சேர் ஆத்தா. சமைக்கவோ சொட்டு மருந்து விடவோ கூப்பிடவில்லை, அதில் உன் அம்மா ஒரு குறையும் வைக்க மாட்டாள். மறுபடி கண்ணைக் கட்டிவிட்டால், வெளியே என்ன சத்தம் என்று நான் கேட்கிறபோது உள்ளதை உள்ளபடி சொல்ல இந்த வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

எங்கள் ஆயுசையும் சேர்த்து நீங்கள் மூவரும் நல்லபடி வாழுங்கள். நீ புறப்படுகிற தேதியை மறக்காமல் எழுது, அதைப் பார்த்த பிறகுதான் மதுரைக்குச் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
வீரணன்